ஜூலை 10-க்கு ஃபிளெக்ஸ் வேண்டாம், பீரோவைத் திறங்கள்

வட ஆர்க்காட்டுப் பல்கலைக்கழக, கல்லூரி நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர்களுக்கும் உதவி நூலகர்களுக்கும், பீரோச் சாவியைக் கையில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும்,

வணக்கம். நினைவு நாள் கண்காட்சிகளில் ஃபிளெக்ஸுக்குப் பதிலாக, உங்கள் பீரோவில் இருக்கும் பழைய அரசு வெளியீடுகளைத் திறந்து வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் வருவாய்த் துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கும் மேல் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் கழிந்தது. எங்கள் ஆபீசில் யாரையாவது மிரட்ட வேண்டும் என்றால் ‘ரெக்கார்டு ரூமில் தூக்கிப் போட்டுவிடுவேன்’ என்பார்கள். நான் மட்டும் ‘எப்போது சார்?’ என்று கேட்பேன். சிவப்புத் துணியில் கட்டிய கோப்பு மூட்டைகள், நாஃப்தலின் உருண்டை வாசனை, மழைக்காலத்தில் சுவரோரம் ஏறும் கரையான், இவைதான் என் சகவாசம். ஆகவே ஆவணங்களைப் பற்றி நான் பேசினால் கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டு ரூமுக்கென்று ஒரு மொழி உண்டு. ஒரு கோப்பு முடிந்ததும் அது எத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை அதன் தலையிலேயே எழுதிவிட வேண்டும். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். இரண்டே எழுத்து. அதை மாற்றிப் போட்டால் ஒரு குடும்பத்தின் பட்டா வழக்கே ஆதாரமில்லாமல் போய்விடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் நூலகங்களில் நினைவு நாட்களுக்கு வைக்கும் கண்காட்சிகளைச் சில வருடங்களாகப் போய்ப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? பெரும்பாலான கண்காட்சிகளுக்கு ஓ.மு. போடக்கூடக் கை வராது. காலை பத்து மணிக்கு ரிப்பன் வெட்டு, கல்லூரி முதல்வர் நடுவில் நிற்க ஒரு குரூப் போட்டோ, சாயங்காலம் நாலு மணிக்கு ஃபிளெக்ஸைச் சுருட்டி மாடிப்படிக்குக் கீழே. அவ்வளவுதான்.

ஒரு ஜூலை 10-ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். எந்த நூலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஒரு இடத்தின் குறை மாதிரி ஆகிவிடும், அது நியாயமில்லை. வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி நாள். மக்கான் பக்கத்து நினைவுத் தூணில் கலெக்டர் மலர் வளையம் வைத்து மரியாதை செய்துவிட்டுப் போனதைப் பார்த்துவிட்டு, அப்படியே பஸ் பிடித்து அந்த நூலகத்துக்குப் போனேன். வாசலிலேயே ஆளுயர ஃபிளெக்ஸ். மேலே கோட்டை அகழியின் படம், கீழே சண்டைக் காட்சி ஒன்று. கிட்டப் போய்ப் பார்த்தேன். அது 1857-ல் டெல்லி காஷ்மீர் வாசலை வெடி வைத்துத் தகர்க்கிற பழைய ஓவியம். அதில் துப்பாக்கியோடு வீரமாகப் பாய்கிறவர்கள் வெள்ளைக்காரர்கள்! 1806-ல் இங்கே செத்துப் போன நம் சிப்பாய்களுக்கு அஞ்சலி என்று எழுதி, அதற்குக் கீழே ஐம்பத்தோரு வருடம் கழித்து வேறு ஊரில் சிப்பாய்களை அடக்க வந்தவர்களின் படம். இணையத்தில் தேடி, முதலில் வந்ததை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். யாரையும் திட்டத் தோன்றவில்லை. அவசரம், அதுதான் காரணம்.

அங்கே ஒரு பையன், பி.ஏ. வரலாறு முதலாண்டு என்று சொன்னான், என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டான். புரட்சிக்கு இரண்டு மாதம் முன்பே, மே மாதத்தில், புதுத் தலைப்பாகை போடச் சொன்ன உத்தரவை வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எதிர்த்தார்கள், அதற்காகச் சென்னையில் தண்டிக்கப்பட்டார்கள் இல்லையா, அதில் இரண்டு பேருக்கு எத்தனை கசையடி என்று. ஒரு புத்தகத்தில் 90 என்று இருக்கிறதாம், இன்னொன்றில் 900. பையன் சொன்னது சரிதான், இரண்டு எண்ணும் அச்சில் உலாவுகின்றன. ஒரு சைபர்தான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு சைபரில் ஒரு மனிதனின் முதுகு இருக்கிறது. அவனிடம் நான் சொன்னேன்: ‘தம்பி, புத்தகத்துக்குப் புத்தகம் பார்த்துத் தீராது. தண்டனை கொடுத்தவர்கள் எழுதி வைத்த காகிதத்தைப் பார்த்தால்தான் தீரும்.’ அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்றான். சென்னை எழும்பூரில், ஆவணக் காப்பகத்தில் என்றேன். இங்கே இல்லையா என்றான்.

அந்தக் கேள்விதான் இந்த மடலுக்குக் காரணம்.

மூலக் காகிதம் இங்கே இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் அச்சான அரசு வெளியீடுகள் இங்கே இருக்கின்றன, உங்கள் பீரோக்களுக்குள். பழைய கல்லூரிகளின் நூலகங்களில் பின்பக்கம் ஒரு இரும்பு பீரோ இருக்கும். அதில் பச்சையும் காவியும் கலந்த அட்டை போட்ட தடித் தொகுதிகள்: கெஜட், சென்சஸ், மாவட்ட விவரம் சொல்லும் மானுவல், நிலவரி செட்டில்மென்ட் அறிக்கை, சட்டசபை நடவடிக்கைகள். பாதிக்கு மேல் தூசி. எந்த மாணவனும் அவற்றைத் தொட்டதில்லை. நம் மக்களுக்குக் கெஜட் என்றால் பெயர் மாற்றம், அவ்வளவுதான் தெரியும். 1832-ல் புனித ஜார்ஜ் கோட்டை கெஜட் என்று தொடங்கி இன்று தமிழ்நாடு அரசிதழாக வந்துகொண்டிருக்கும் அந்த வரிசையில் தங்கள் ஊரின் ஏரி, சந்தை, சாலை, பள்ளிக்கூடம் எல்லாம் எங்காவது ஒரு பக்கத்தில் இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

வேலூரைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு, உங்களுக்கும் தெரியும். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு. சாமி 1981-ல் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குத் திரும்பிப் போய்விட்டார், அந்தக் குறை தீர்ந்தது. ஆற்றில் எப்போதாவது மழைக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது. காலியான அந்த இடத்தில் ‘வாசகர் இல்லாத பீரோ’ என்று சேர்த்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது என்று முடிக்கிறேன். வட ஆர்க்காடு மாவட்ட மானுவல் இருக்கிறதா என்று கேட்டேன். ஆர்தர் காக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து 1881-ல் வந்தது, பிறகு ஹெரால்டு ஸ்டூவர்ட் திருத்தி இரண்டு தொகுதியாக விரித்தது. இருக்கிறது, ஆனால் பீரோச் சாவி வைத்திருப்பவர் லீவு என்றார்கள். வெளியாட்களுக்குக் கொடுக்க விதி இல்லை என்றும் ஒருவர் சேர்த்துக்கொண்டார். நான் கிளம்பப் பார்த்தேன். அப்போது ஒரு உதவியாளர் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், ‘ஐயா, இருங்க, வேற ரேக்கில ஏதோ பழைய சென்சஸ் புக்கு இருக்கு’ என்று சொல்லி ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தார். 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு, வட ஆர்க்காடு.

அதில் கிராம விவரப் பட்டியல் என்று ஒரு பகுதி உண்டு. கிராமத்தின் பெயர், பரப்பு, எத்தனை வீடு, எத்தனை தலை. அப்புறம் வசதிகளை ஒற்றை எழுத்துகளில் போட்டிருப்பார்கள். ‘பி’ என்றால் ஆரம்பப் பள்ளி, ‘டபிள்யூ’ என்றால் கிணறு, ‘கே.ஆர்.’ என்றால் மண் சாலை, ‘ஈ’ என்றால் மின்சாரம். எங்கள் ஊர் ஆரணிக்குப் பக்கம். விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனேன். கிடைத்தது. ஒரு ‘பி’ இருந்தது. அந்த ஒரு எழுத்துதான் நான் ஐந்து வருடம் உட்கார்ந்து படித்த ஓட்டுக் கட்டடம். அதற்கு நேரே ‘கே.ஆர்.’. அந்த இரண்டு எழுத்தில்தான் ஆரணி ஹைஸ்கூலுக்குச் செருப்பில்லாமல் நடந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. ரெக்கார்டு ரூமில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவன், ஆனால் என் பெயர் இல்லாத ஒரு காகிதத்தில் என்னை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்கள் ஊர் எது அம்மா என்று கேட்டேன். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம் சொன்னார். தேடினோம். ஊர் இருந்தது, கிணறு இருந்தது, மின்சாரக் கட்டத்தில் ‘ஈ’ இருந்தது. உடனே போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். ‘அம்மா, ஆயாகிட்ட குடு. ஆயா, எழுபத்தொண்ணுல நம்ம ஊர்ல கரண்டு இருந்துச்சா?’ அந்தப் பக்கம் ஆயா சத்தமாகவே பேசினார், எனக்கே கேட்டது. ‘எங்க இருந்துச்சு? மேட்டுத் தெருவுல இருந்துச்சு. நம்ம பக்கம் உங்க பெரியப்பன் பொறந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கம்பமே நட்டான்.’

பாருங்கள், ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது என்று. அரசு ஆவணம் ஊருக்குக் கரண்டு வந்துவிட்டது என்கிறது. ஆயா, எந்தத் தெருவுக்கு என்று கேட்கிறார். ஒரு நூலகத்தில் இதைவிட நல்ல நினைவுக் கண்காட்சி எப்படி நடக்கும்? ஃபிளெக்ஸ் இல்லை, ரிப்பன் இல்லை, ஒரு ஸ்டூல்தான் செலவு.

நான் கேட்பது இவ்வளவுதான். நினைவு நாள் வரும்போது படத்தை மாட்டாதீர்கள், பக்கத்தைத் திறந்து வையுங்கள்.

ஜூலை 10-க்கு என்ன திறப்பது என்று கேட்டால், சிப்பாய்களைக் கொதிக்க வைத்த அந்த உத்தரவையே வையுங்கள். ராணுவ நிலையாணைகளின் பதினோராம் பிரிவில் பத்தாம் பத்தி. சீருடையில் இருக்கும்போது சிப்பாய் நெற்றியில் சாதி அடையாளம் இடக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, பரேடுக்கு வரும்போது தாடையை மழித்திருக்க வேண்டும், மீசையை எல்லோரும் ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். புதுத் தலைப்பாகை உத்தரவு இதோடு சேர்ந்துகொண்டது. தோல் பட்டை வைத்த, தொப்பி ஜாடையில் இருந்த தலைப்பாகை. அந்தப் பத்தியை ஆங்கிலத்திலும், பக்கத்தில் உங்கள் தமிழ்த் துறைப் பிள்ளைகள் மொழிபெயர்த்ததையும் ஒரு மேசையில் வைத்தால் போதும். படிக்கிறவனுக்கு ஒரு விஷயம் உறைக்கும். அதில் கோபமே இல்லை. எங்கள் ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி அலுப்பான மொழி. ஒரு குமாஸ்தா கொட்டாவி விட்டுக்கொண்டே அதை நகல் எடுத்திருப்பான். நானும் அப்படி எத்தனையோ நகல் எடுத்திருக்கிறேன், எது எந்த ஊரில் என்ன செய்தது என்று தெரியாமல். அந்த மொழிதான் ஒரு விடியற்காலையில் கோட்டைக்குள் ரத்தமாக ஓடியது. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் செத்தார்; ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து சிப்பாய்களைச் சுட்டுத் தள்ளினார்; பிறகு விசாரணைக் குழு உட்கார்ந்தது; மூன்று பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன; கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். இத்தனைக்கும் காகிதம் உண்டு. 2006-ல் இருநூறாவது ஆண்டுக்குத் தபால் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது, அதுவும் அரசு வெளியீடுதானே, அதையும் பக்கத்தில் வையுங்கள்.

இன்னொரு ஆவணம் பஜாரில் வெயிலில் நிற்கிறது. மணிக்கூண்டுச் சுவரில் ஒரு கல். 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று சொல்கிற கல். வாசகம் அரசு கொடுத்தது. ஊர்ப் பெயரும் எண்ணும் மட்டும் மாற்றி நாடு முழுக்க ஊர் ஊராகப் பதித்தார்கள். கிட்டத்தட்ட அச்சடித்த படிவம் மாதிரி. எண் இருக்கிறது, பெயர் இல்லை. கம்மவான்பேட்டையில் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் உங்கள் கல்லூரிகளில் படிக்கிறார்கள். நவம்பர் 11 வரும்போது அந்தக் கல்லின் ஒரு போட்டோவை நூலகத்தில் வைத்து, கீழே ஒரு காலி நோட்டுப் புத்தகமும் பேனாவும் வைத்துப் பாருங்கள். யார் வீட்டில் எந்தக் கொள்ளுத் தாத்தா போனார் என்று எழுதச் சொல்லுங்கள். ஒன்றும் வராமலும் போகலாம். போனால் போகிறது, நோட்டு முப்பது ரூபாய்.

ஜனவரி 30-ஆம் தேதி எல்லோரும் காந்தி படத்துக்கு மாலை போடுகிறீர்கள். போட வேண்டியதுதான். அதே தேதியில், 1832-ல், வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்த கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருப்பது பல மாணவர்களுக்குத் தெரியாது. 1815 மார்ச்சில் கண்டி ஒப்பந்தம், அடுத்த வருடம் இங்கே கொண்டு வந்தார்கள், பதினாறு வருடம் சிறை. ஒரு பக்கம் அந்த ஒப்பந்தத்தின் நகலை வைத்தால் போதும்.

ஆகஸ்ட் 28-க்கு ஒரு கண்காட்சியும் நான் எங்கேயும் பார்த்ததில்லை. 1996-ல் அந்தத் தேதியில்தான் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நம் ஊர்ப் பெயர் உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் உச்சரிக்கப்படுகிறது என்றால் அது இந்தத் தீர்ப்பால்தான். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையும், ஆபத்து உறுதியாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் சொல்லப்பட்டது. தோல் ஆலைகள் இருக்கும் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுதுமோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதாகத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பிள்ளைகள் இதைப் படித்தால் கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கும், ஏனென்றால் பலர் வீட்டில் தோல் தொழில்தான் சோறு போடுகிறது. அந்தத் தீர்ப்பு அதையும் சொல்லியிருக்கிறது: இந்தத் தொழில் வேலை கொடுக்கிறது, அந்நியச் செலாவணி கொண்டுவருகிறது, இருந்தாலும் சுற்றுச்சூழலை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்று. அப்பா ஷூ கம்பெனியில், பெரியப்பா கிணறு கெட்டுப்போன நிலத்தில். அந்த இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு காகிதம் இது. ஃபிளெக்ஸில் இதை எழுத முடியாது. ஒரு மேசையில் வைத்துப் பேசத்தான் முடியும்.

இப்போது கொஞ்சம் தொழில் விஷயம். உங்கள் கேட்டலாக்கில் நம் மாவட்டத்தைத் தேடுவதே ஒரு திருவிளையாடல். 1911-க்கு முன்னால் மாவட்டத் தலைநகரம் சித்தூர். திருப்பதியே நம் மாவட்டத்தில்தான் இருந்தது, பழைய மானுவலைத் திறந்தால் திருமலையைப் பற்றியும் இருக்கும். சித்தூர் தனி மாவட்டமான பிறகு வேலூர் தலைநகரம். 1989 செப்டம்பர் 30-ல் பிரித்து, ஒன்றுக்குத் திருவண்ணாமலை சம்புவராயர், மற்றதுக்கு வட ஆர்க்காடு அம்பேத்கர். பிறகு மாவட்டங்களுக்கு இருந்த தலைவர் பெயர்களை எல்லாம் எடுத்தபோது வேலூர். 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர். ஆக, 1971 கையேடு வட ஆர்க்காடு என்று இருக்கும், 1991 கையேடு வட ஆர்க்காடு அம்பேத்கர் என்று இருக்கும், 2001-ம் 2011-ம் வேலூர். அடுத்தது மூன்று புத்தகமாக வரும். கம்ப்யூட்டரில் ‘வேலூர்’ என்று தட்டுகிற பிள்ளைக்கு 2001-க்கு முந்தைய ஊரே கிடைக்காது. ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டம்; ஆனால் ஆரணிக்காரனான எனக்கு ‘திருவண்ணாமலை’ என்று தட்டினால் என் பள்ளிக்கூடம் கிடைக்காது. ஒரு குறிப்புச் சீட்டு, ‘இதையும் பார்க்க’ என்று ஒரு வரி, அது போதும். இது நூலகர் வேலை, எனக்குச் சொல்லித் தரத் தகுதியில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ரொம்பக் கவலை தருவது கழிவு. இடம் பற்றவில்லை, கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருகிறது, ஹாலைப் பளிச்சென்று வைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது இந்தப் பழைய அரசு வெளியீடுகளில்தான். யாரும் எடுத்ததாக ரிஜிஸ்டரில் இல்லை, ஆகவே வேண்டாதது. எடைக்குப் போட்ட ஒரு கட்டிலிருந்து பழைய மாவட்டப் புள்ளிவிவரக் கையேடு ஒன்றை நானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், பேப்பர் கடையில், மேலே கல்லூரி முத்திரையோடு. எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே என்பீர்கள். நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. தமிழ் இணைய நூலகத்தில் நானே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஸ்கேன் செய்தவர் மடித்து வைத்த வரைபடத்தைப் பிரிக்காமல் ஸ்கேன் செய்திருப்பார். அந்த வரைபடத்தில்தான் உங்கள் ஏரி இருக்கும். அது மட்டுமில்லை, 1954-ஆம் வருடத்து நூல் வழங்கல் சட்டப்படி பதிப்பாளர்கள் புத்தகம் அனுப்ப வேண்டியது கொல்கத்தா, சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி என்று நான்கு நூலகங்களுக்கு. அரசு வெளியிடும் நூல்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். வேலூருக்கு எதுவும் தானாக வராது. உங்கள் முன்னோடிகள் யாரோ எழுதிக் கேட்டு, பணம் கட்டி வாங்கி வைத்த பிரதிகள் இவை. நி.மு. போட வேண்டியவற்றின் மேல் ஓ.மு. போட்டுவிடாதீர்கள்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் படித்தபோது ஒரு விஷயம் சொன்னான். அங்கே அரசு அச்சடிக்கிற வெளியீடுகளை நாடு முழுக்கக் குறிப்பிட்ட நூலகங்களுக்கு இலவசமாகக் கொடுத்து வைக்கிற ஏற்பாடு இருக்கிறது. அதன் வேர் 1813-ல் அவர்களுடைய காங்கிரஸ் போட்ட ஒரு தீர்மானத்தில். இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள், அதில் நிறையப் பல்கலைக்கழக நூலகங்கள். வாங்கி வைக்கிற நூலகம் ஒரு நிபந்தனையை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்த ஆவணங்களைப் பார்க்க யார் வந்தாலும் விட வேண்டும், மாணவனோ இல்லையோ. தெருவில் போகிற ஆள் உள்ளே வந்து ‘எங்கள் ஊர் அணைக்கட்டு அறிக்கை வேண்டும்’ என்று கேட்கலாம். செப்டம்பர் 17 அவர்களுக்கு அரசியலமைப்பு நாள். அன்றைக்கு நூலக முன்கூடத்தில் மேசை போட்டு, அந்த வருடத்துச் சட்டத் திருத்தங்கள், தீர்ப்புகள், குழு அறிக்கைகள் எல்லாம் அசலாக வைத்திருப்பார்களாம். நமக்கு நவம்பர் 26. முகவுரையை எல்லோரும் எழுந்து நின்று வாசிக்கிறோம், நல்லதுதான். வாசித்த பிறகு அரசியல் நிர்ணய சபை விவாதத் தொகுதிகளில் ஒன்றையாவது மேசையில் வைத்தால், முகவுரையின் ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை வாக்குவாதம் நடந்தது என்று ஒரு பிள்ளையாவது புரட்டிப் பார்க்கும்.

அங்கே பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களிடம், விடுமுறைக்குப் போகும்போது உங்கள் சொந்தக் கிராமத்தைக் கணக்கெடுத்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கேள்வித்தாள் கொடுத்து அனுப்பினார். அப்படி எழுதப்பட்ட ஊர்களில் ஒன்று நம் பழைய வட ஆர்க்காட்டின் தூசி கிராமம். இருபது வருடம் கழித்து அதே ஊரைத் திரும்பவும் போய்ப் பார்த்தார்கள். எழுபதுகளில் பசுமைப் புரட்சி நெல் எப்படிப் பரவியது என்று கேம்பிரிட்ஜ்காரர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர்களும் சேர்ந்து வந்து ஆராய்ந்ததும் இதே வட ஆர்க்காட்டுக் கிராமங்களில்தான். உலகம் நம் ஊரைப் படித்திருக்கிறது, நம் பிள்ளைகள்தான் இன்னும் படிக்கவில்லை. ஒரு பொங்கல் விடுமுறைக்கு, 1971 கையேட்டில் அவரவர் ஊர்ப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்து, வீட்டில் பெரியவர்களிடம் காட்டி, ‘இது சரியா?’ என்று மட்டும் கேட்டுவரச் சொல்லுங்கள். திரும்பி வரும் காகிதங்களை ஓரத்தில் எழுதிய குறிப்புகளோடு அப்படியே சுவரில் ஒட்டினால் அதுதான் குடியரசு நாள் கண்காட்சி.

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆள் பற்றாக்குறை, ஒரு நூலகர் மூன்று வேலை பார்க்கிறார், ஒரு புத்தகம் காணாமல் போனால் உங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இதே பயத்தில்தான் நானும் ரெக்கார்டு ரூமில் இருந்தவரை சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தேன். தினமும் திறக்கச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், ஆதார் அட்டை வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் கண் முன்னால் புரட்ட விட்டால் போதும். அசலைக் கொடுக்கப் பயமாக இருந்தால் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று கீழே எழுதி. அந்தக் கீழ்வரி மட்டும் தவறவே கூடாது. அது இல்லாத காகிதமும் ஃபிளெக்ஸும் ஒன்றுதான். ஒரு கெஞ்சல்: கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். டேப் நாலு வருடத்தில் பழுத்து எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். எங்கள் பழைய பைண்டர் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார், பூச்சி வராமல் இருக்க. மெல்லிய தாளை வைத்து அந்தப் பசையில் ஒட்டியவை இன்றும் அப்படியே இருக்கின்றன.

என்னிடம் பேப்பர் கடையில் மீட்ட அந்தக் கையேடும், சொந்தமாகச் சேர்த்த சில கெஜட் பிரதிகளும், பழைய தாலுகா வரைபடம் ஒன்றும் இருக்கின்றன. கேட்கிற நூலகத்துக்கு, நி.மு. என்று எழுதித் தருவதாக இருந்தால், கொடுத்துவிடுகிறேன். அந்த பி.ஏ. பையன் இரண்டாம் ஆண்டுக்கு வந்திருப்பான். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக என்ன கடிதம் வேண்டும் என்று கேட்டு உங்களிடம் வந்தால், கொஞ்சம் உதவி செய்யுங்கள். அந்த சைபர் எனக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

வருகிற ஜூலை 10-க்கு மக்கானில் மலர் வைத்து முடிந்ததும் காலை பதினொரு மணி வாக்கில் நேரே உங்கள் பக்கம்தான் வருவேன். பீரோச் சாவி அன்றைக்கு யாரிடம் இருக்கும் என்று மட்டும் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவறை எழுத்தர்,
சத்துவாச்சாரி, வேலூர்.